மானும் உண்ணியும்

ஆடுமாடுகளின் காதோரத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் உண்ணியை நாம் எல்லோரும் கண்டிருப்போம். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். ஆகவே இது பூச்சி இனமன்று, சிலந்திக்கு உறவு. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மான் வேட்டைக்குச் செல்வோர், வீடு திரும்பியதும் தம் உடலெங்கும் உண்ணி உள்ளதா என்று தேடிப் பார்க்க வேண்டியுள்ளது. ஏன் என்று காண்போமா?

கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கும் அண்டை ஊர்களிலும் பல குழந்தைகள் முழங்கால் வீங்கித் துன்புற்றனர். பாலி மரே என்னும் தாய், தம் குடும்பத்தினரின் நோய்க்குறிகளைப் பல ஆண்டுகள் விடாமல் எழுதி வைத்தார். மருத்துவர் சிலர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1975-இல் அவரும் வேறொரு தாயும் மாநில நலத்துறைக்குச் செய்தி தெரிவித்தனர். யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீர் 51 நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களுள் 39 பேர் குழந்தைகள்! காட்டை ஒட்டி வாழ்ந்தோரிடமே நோய் மிகுந்திருந்தது. 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்னும் அறிஞர், உண்ணியின் குடலில் சுருள் வடிவ நுண்ணுயிரைக் கண்டார். அதுவே நோய்க்குக் காரணம் எனத் தெளிவாயிற்று. அந்நோய் ‘லைம் நோய்’ எனப் பெயர் பெற்றது.

அப்படியானால் மான்தான் குற்றவாளியா? இல்லை. மானின் இரத்தம் அந்நுண்ணுயிரை உண்ணிக்குத் தருவதில்லை. முட்டையிலிருந்து வரும் உண்ணிக் குஞ்சிடமும் அது இராது. வெண்பாத எலி போன்ற சிற்றுயிர்களின் இரத்தத்தைக் குடிக்கும்போதே கிருமி அதனுள் புகுகிறது. மறு ஆண்டு, கசகசா அளவே உள்ள இளம் உண்ணியாகி, மனிதரைக் கடித்து நோய் தருகிறது. முழு வளர்ச்சி அடைந்த பின்னரே பெரும்பாலும் மானை நாடுகிறது. மானின் இரத்தத்தால் வயிறு நிறைந்த பெண் உண்ணி, தரையில் விழுந்து சுமார் 2,000 முட்டைகள் இடும். எலி நோயைத் தருகிறது. மான் உண்ணியைப் பெருக்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியில் மான்கள் அருகிப் போயிருந்தன. பின்னர், கைவிடப்பட்ட வயல்கள் காடாயின. வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. ஓநாய்களோ முன்பே அழிந்துவிட்டன. மான்கள் பெருகின, உண்ணிகளும் பெருகின. மெய்ன் மாநிலத்தின் மோன்ஹீகன் தீவில் 1996 முதல் 1999 வரை மான்கள் அனைத்தும் அகற்றப்பட்டன. பின்னர் இளம் உண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அது கடல் சூழ்ந்த சிறு தீவு. பரந்த நிலத்தில் சில மான்களை வேட்டையாடுவதால் மட்டும் அத்தகைய பயன் கிட்டுவதில்லை.

எனவே தற்காப்பே முதன்மையானது. உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உராய்ந்து செல்வோரைப் பற்றிக்கொள்ளும். வேட்டையாடிய மானின் உடல் குளிர்ந்ததும் அதிலுள்ள உண்ணிகள் இறங்கி வேறிடம் தேடும். ஆகவே வேட்டைக்காரர் வெளிர்நிற ஆடை அணிந்து, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது நல்லது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலில் ஏறும். எனவே அன்றன்றே தேடி, சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். நெருப்பால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும் தவறு. சிவந்த தடிப்பு படர்ந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும். தொடக்கத்திலேயே தக்க மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

காட்டில் மான் நம் கண்ணில் எளிதில் படும். எலியும் உண்ணியும் படுவதில்லை. அச்சிறியவற்றைத் தேடும்படி அறிஞரைத் தூண்டியவை, அன்று இரு தாய்மார் கொண்டு சென்ற செய்திகளே. கண்டதைக் கண்டபடி குறித்து வைக்கும் நற்பழக்கத்தை நாமும் கைக்கொள்வோம்.