ஆயிரத்துக்கு ஏழரை

மதுரை கோச்சடையில் மேலக்கால் சாலையோரம் ஃபென்னர் பெல்ட் ஆலை நிற்கிறது. அந்தப் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பழுது உருப்படியைப் பார்த்துக் கழிக்க ஏஐ கேமரா வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷனில் மூன்று வரி இருக்கும்: கேமரா விலை, மென்பொருள் சந்தா, ஜிஎஸ்டி. மீதிச் செலவைத் தெரிந்துகொள்ள வைகையைத் தாண்டி அண்ணாநகர் வரை போனால் போதும்.

1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுத்திருக்கிறதா என்று படம் பார்த்துச் சொல்வது அங்கே அன்றாட வேலை. அந்த வேலையை இயந்திரத்துக்குக் கற்றுத்தர கூகுள் குழு எடுத்துக்கொண்டவை 1,28,175 படங்கள். அமெரிக்கக் கண் மருத்துவர்கள் 54 பேர், ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 முறை பார்த்துத் தரம் பிரித்தார்கள். மூன்று முறை என்றே வைத்தாலும் 3,84,525 பார்வை. இயந்திரம் ‘தானாகக் கற்றது’ என்பவர்கள் இந்தக் கூலியைப் பேரேட்டில் ஏற்றுவதில்லை.

2016-ல் வெளியான முதல் ஆய்வில் நோயைப் பிடித்த விகிதம் 97.5 சதவீதம். அதே ஆண்டு மதுரை நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தபோது 88.9. நோய் இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது 92.2. 97.5-ம் 88.9-ம் வேறு வேறு அளவுகோலில் எடுத்தவை. நேருக்கு நேர் கழிக்கக் கூடாது. ஆனால் விளம்பரத்தில் முதல் எண்தான் வரும்.

ஆயிரம் பேர், அவர்களில் நூறு பேருக்கு நோய் என்று கொள்வோம். மதுரைக் கணக்குப்படி இயந்திரம் 11 பேரைத் தவறவிடும்; நலமாக இருக்கும் 70 பேரை வீணாக அலைக்கழிக்கும். மனிதர்கள்? அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலுமாக 3,049 நோயாளிகளை வைத்து நடந்த அந்த ஆய்வில், கையால் தரம் பிரித்தவர்கள் நோயைப் பிடித்தது 73.4 முதல் 89.8 சதவீதம் வரை. அதாவது நூற்றில் தப்பியது ஒருவரிடம் 27, இன்னொருவரிடம் 10. நல்ல ஆளை இயந்திரம் மதுரையில் வென்றுவிடவில்லை. ஆளுக்கு ஆள் இருந்த அந்த இடைவெளியை அது குறைக்கலாம். எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

எனக்குப் பிடித்த பதிவு அதற்குப் பின்னால் வருகிறது. 2019 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை 45 இடங்களில் சுமார் 6 லட்சம் பேரை இயந்திரம் பார்த்தது. வாங்கியாயிற்று, ஓடுகிறது, விட்டுவிடலாம் என்று இருக்கவில்லை. 4,537 பேரின் படங்களை எடுத்து நிபுணர்களிடம் மறுபடி காட்டினார்கள். ஆயிரத்துக்கு ஏழரை. (ஏழரை என்றதும் சனி நினைவுக்கு வரும், இது காப்பாற்றுகிற ஏழரை.) முற்றிய நோயைப் பிடித்தது 97 சதவீதம் என்று 2025-ல் அச்சில் சொல்ல முடிந்தது இந்தச் சரிபார்ப்பினால்தான்.

அதே வகை இயந்திரம் தாய்லாந்தில் பட்ட பாட்டையும் எழுதிவிட வேண்டும். 11 மருத்துவ நிலையங்கள், முதல் ஆறு மாதம், 1,838 படங்கள். அவற்றில் 393-ஐ ‘தெளிவில்லை’ என்று அது தள்ளிவிட்டது: நூற்றுக்கு 21. அறை போதுமான அளவு இருட்டாக இல்லாதது ஒரு காரணம். ஓரிடத்தில் இணையம் இரண்டு மணி நேரம் அறுந்ததில் 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்த்தார்கள்.

தமிழ்நாடு அரசும் 2020-லேயே ‘பாதுகாப்பான, நெறிசார்ந்த’ ஏஐ கொள்கை வெளியிட்டு, தணிக்கை வேண்டும் என்றது. கேமராவில் சிக்கும் ஆட்களின் விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

கோச்சடைப் பட்டறையில் நாளுக்கு 1,000 உருப்படி இறங்குகிறது என்றால், ஏழரைக் கணக்கில் ஏழோ எட்டோதான். கையில் எடுத்துப் பார்க்கக் கால்மணி நேரம் ஆகலாம். அந்தக் கால்மணிக்கு யார் கூலி கொடுப்பது, ‘மெஷின் சொன்னது தப்பு’ என்று சூப்பர்வைசர் எழுதும் நோட்டை முதலாளி எந்தக் கிழமை திறந்து பார்ப்பார் என்ற இரண்டு வரிகளையும் அந்தக் கொட்டேஷனுக்குக் கீழே பேனாவால்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.