பீரங்கிக் கோபுரத்துக்குள் ஒரு வெந்நீர்த் தொட்டி

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், எல்பே ஆறு பிரிந்து ஓடும் இடத்தில் உள்ள தீவுப் பகுதி வில்ஹெல்ம்ஸ்பர்க். அங்கே வரிசை வீடுகளுக்கு நடுவே சுமார் 42 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் கோபுரம் எழுந்து நிற்கிறது. 1943-இல் நாஜி அரசு, கட்டாயமாகப் பிடித்துவந்த தொழிலாளர்களை வதைத்துக் கட்டிய கோபுரம் அது. உச்சியில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள். கீழே, குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடிவந்து அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கான மக்கள்.

போர் முடிந்ததும், 1947-இல், பிரிட்டிஷ் படையினர் உள்ளே வெடிவைத்தார்கள். எட்டுத் தளங்களில் ஆறு சரிந்தன. மீட்டர் கணக்கில் தடித்த வெளிச்சுவர் அப்படியே நின்றது. அதையும் தகர்க்க முனைந்திருந்தால் பக்கத்து வீடுகள் மிஞ்சியிருக்காது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கூடு பாழாய்க் கிடந்தது.

வெடி உண்டாக்கிய அந்த வெற்றிடம்தான் பின்னாளில் கைகொடுத்தது. ஹாம்பர்க்கில் நடந்த சர்வதேசக் கட்டடக் கண்காட்சியின் திட்டமாகக் கோபுரம் சீரமைக்கப்பட்டு, 2013-இல் அக்கம்பக்கத்துக்கு வெப்பம் வழங்கும் நிலையமாகத் திறக்கப்பட்டது. உள்ளே 20 மீட்டர் உயரமும் 11 மீட்டர் விட்டமும் கொண்ட தொட்டி; சுமார் 20 லட்சம் லிட்டர் தண்ணீர் கொள்ளும்.

இவ்வளவு பெரிய தொட்டி எதற்கு? வெப்பம் கிடைக்கும் நேரமும் தேவைப்படும் நேரமும் ஒத்துப்போவதில்லை. கூரையில் பதித்த சூரிய வெப்பத் தகடுகள் நண்பகலில் சூடேறும். அருகிலுள்ள ஆலையின் கழிவு வெப்பம் ஆலை ஓடும்போதுதான் வரும். வீடுகளுக்கோ விடியற்காலைக் குளிரில்தான் வெந்நீர் வேண்டும். எல்லா வழியிலும் வரும் வெப்பத்தை வாங்கி வைத்து, கேட்கும்போது கொடுப்பது தொட்டியின் வேலை. சூடான நீர் அடர்த்தி குறைந்தது. அதனால் மேலே மிதக்கும், குளிர்ந்தது அடியில் தங்கும். மேலிருந்து வீடுகளுக்குச் சூடு போகிறது. ஆறித் திரும்பும் நீர் அடியில் சேர்கிறது. இரண்டும் கலந்துவிட்டால் முழுத் தொட்டியும் வெதுவெதுப்பாகிப் பயன் கெட்டுவிடும். உயரமான தொட்டியில் இந்த அடுக்குகள் எளிதில் கலைவதில்லை. அத்தகைய தொட்டிக்கு ஊர் நடுவே வேறு எங்கே இடம் கிடைத்திருக்கும்?

உச்ச நேரத் தேவையைச் சேமிப்பே சமாளிப்பதால் கொதிகலன்களையும் அளவாக வைத்துக்கொள்ளலாம். சுமார் 3,000 வீடுகளுக்கு வெப்பம் தருவது திட்டத்தின் இலக்கு.

30 மீட்டர் உயரத்தில் சிற்றுண்டிச்சாலை ஒன்றும் உண்டு. கோபுரத்தின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சியும் உள்ளேயே இருக்கிறது. அதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். கட்டியவர்கள் பட்ட பாட்டை மறைத்துவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் காட்டியிருந்தால், இந்தச் சீரமைப்பைப் பாராட்ட எனக்கு மனம் வந்திருக்காது.