ராக்கெட்டுக்கு மெக்கானிக் யார்?

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குச் சுருளிப்பட்டியில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் பேர் போன ஊர் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடி ஏற்றிய பந்தல்கள்தான். உச்சி வெயிலில்கூடப் பந்தலுக்குக் கீழே போனால் ஜில்லென்று இருக்கும். ஊர்ப் பொடிசுகள் எல்லாம் அங்கேதான் ஆட்டம் போடுவார்கள்.

அன்று அவர்கள் ஆடியது விண்கல விளையாட்டு. கவிழ்த்துப் போட்ட திராட்சைப் பெட்டிகள்தான் இருக்கைகள். உடைந்துபோன டி.வி. ரிமோட்தான் கட்டுப்பாட்டுக் கருவி. கலத்தில் மொத்தம் ஆறு பேர். அதில் ஐந்து பேர் கேப்டன்!

மீதி ஒருவன்? ஐந்தாம் வகுப்புப் படிக்கிற சின்னப் பையன். "நீ மெக்கானிக்குடா, பின்னாடி போய் உக்காரு" என்று சொல்லிவிட்டார்கள். அவன் கோபித்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். கிட்டே போய் விசாரித்தேன்.

"எங்க அப்பா மோட்டார் காயில் கட்டுறாருல்ல மாமா... அதேன் என்னைய மட்டும் மெக்கானிக்குங்கறாங்க!"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சரி என்று ஆறு பேரையும் உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த விண்வெளிக் கதைகளை எடுத்துவிட்டேன். குட்டீஸ்... அதை நீங்களும் கேளுங்களேன்!

நாலு மடங்கு ஸ்காட்டி!

1966-ல் அமெரிக்க டி.வி.யில் 'ஸ்டார் டிரெக்' என்று ஒரு தொடர் வந்தது. எண்டர்பிரைஸ் என்ற மாபெரும் விண்கலம் அண்டவெளியைச் சுற்றி வரும். கேப்டன் பெயர் கிர்க். ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்து "இன்னும் வேகம்!" என்று கட்டளை போடுவார். கலத்தின் உள்ளே, இன்ஜின் அறையில் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருப்பார். அவர்தான் ஸ்காட்டி. "இதுக்கு மேல தாங்காது கேப்டன்!" என்று புலம்புவார். ஆனாலும் எப்படியோ தாங்க வைத்துவிடுவார்.

அவரிடம் ஒரு குறும்பு உண்டு. பழுது பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், உண்மையில் ஆகும் நேரத்தைப்போல நாலு மடங்கு கூட்டிச் சொல்வார். சீக்கிரம் முடித்துவிட்டால் எல்லாரும் "அடேங்கப்பா!" என்பார்கள் அல்லவா? 1984-ல் வந்த ஸ்டார் டிரெக் படத்தில் இந்த ரகசியத்தை அவரே ஒப்புக்கொள்வார்.

அதே தொடரில் இன்னொரு கூட்டமும் இருந்தது. சிவப்புச் சட்டை போட்ட காவலர்கள், உதவியாளர்கள். புதுக் கிரகத்தில் கேப்டனோடு இறங்குவார்கள். பாதிப் பேருக்குப் பெயர்கூட இருக்காது. ஏதாவது ஆபத்து வந்தால் முதலில் சாவது அவர்கள்தான்! இதனாலேயே 'சிவப்புச் சட்டை' என்றால் 'கதையில் சாவதற்கென்றே வருகிறவர்' என்று ஆங்கிலத்தில் அர்த்தம் ஆகிவிட்டது. ஒரே கலத்தில் ஸ்காட்டிக்குப் பெயர் உண்டு, இவர்களுக்குக் கிடையாது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

ஸ்காட்டியாக நடித்தவர் ஜேம்ஸ் டூஹன் என்ற கனடா நாட்டு நடிகர். நிஜத்தில் அவர் இன்ஜினீயர் இல்லை. ஆனால், அவரைப் பார்த்துத்தான் இன்ஜினீயரிங் படிக்க வந்தோம் என்று மாணவர்கள் பலர் சொன்னார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பொறியியல் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டமே கொடுத்தது! 2004-ல் அவருக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. அதற்கு நேரில் வந்து நன்றி சொன்னவர் யார் தெரியுமா? நிலவில் முதன்முதலில் கால் வைத்தாரே, நீல் ஆம்ஸ்ட்ராங்... அவரேதான்! ஆம்ஸ்ட்ராங் படித்ததும் இன்ஜினீயரிங்தான். அந்த மனிதரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வருவார்.

சரியாக மூடாத தகடு

இங்கிலாந்தில் 1988-ல் 'ரெட் டுவார்ஃப்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. அதில் வரும் விண்கலத்தில் லிஸ்டர் என்பவன்தான் கடைசிப் படியில் இருக்கும் டெக்னீசியன். காசு போட்டால் சூப் வருமே, அந்த மாதிரி இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் அவன் வேலை. திருட்டுத்தனமாகப் பூனை வளர்த்ததற்காக அவனை ஓர் அறையில் உறைய வைத்துத் தண்டிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, சரியாகப் பழுது பார்க்காத ஒரு தகடு வழியே கதிர்வீச்சு கசிந்துவிடுகிறது. கேப்டன் முதல் எல்லாரும் காலி! 30 லட்சம் வருடம் கழித்து லிஸ்டர் கண் விழிக்கும்போது, கலத்தில் அவன் ஒருவன்தான் மனிதன். எல்லாம் ஒரு தகட்டை ஒழுங்காகச் சரி செய்யாததால் வந்த வினை.

ஜப்பானில் மகோட்டோ யுகிமுரா என்பவர் 'பிளானட்டஸ்' என்ற படக்கதையை 1999 முதல் 2004 வரை வரைந்தார். அதன் நாயகர்கள் விண்வெளியில் குப்பை பொறுக்குகிறவர்கள்! சிரிக்காதீர்கள். பூமியைச் சுற்றும் உடைந்த செயற்கைக்கோள் துண்டுகள் மணிக்குச் சுமார் 28,000 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அந்த வேகத்தில் ஒரு சின்ன ஸ்குரூ வந்து மோதினால்கூடக் கலத்துக்கு ஆபத்து. அந்தக் கதையில் அப்படித்தான் ஒரு பெண் இறந்துபோகிறாள். அவளுடைய கணவனும் பிறகு அந்தக் குப்பை வண்டியில் வேலை பார்க்கிறான்.

'ஏலியன்' என்று 1979-ல் ஒரு படம் வந்தது. (பயங்கரமான படம். பெரியவர்கள் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்!) அதில் வரும் இரண்டு மெக்கானிக்குகள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். "எங்களுக்கு மட்டும் பங்குப் பணம் ஏன் குறைச்சல்?" என்று. விண்வெளிக்கே போனாலும் சம்பளப் பிரச்னை தீராது போல!

சூட்கேஸா, பம்ப்பா?

"அதெல்லாம் கதை மாமா. நெசத்துல யாரு மெக்கானிக்க மதிக்கிறாங்க?" என்றது கேப்டன்களில் ஒன்று. நல்ல கேள்வி.

2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார்கள். எட்டு நாள் பயணம் என்று திட்டம். கிளம்பும் சமயத்தில் நிலையத்தில் ஒரு பம்ப் கெட்டுப்போனது. என்ன பம்ப் தெரியுமா? சிறுநீரைச் சுத்தம் செய்து மறுபடியும் குடிநீராக்கும் கருவியின் பம்ப்! முகம் சுளிக்க வேண்டாம். அங்கே கிணறு இல்லை, குழாய் இல்லை, சுருளி அருவி இல்லை. ஒரு சொட்டையும் வீணாக்க முடியாது.

புது பம்ப்பை ஏற்ற இடம் வேண்டுமே! சுனிதா, புட்ச் இருவருடைய துணிமணி சூட்கேஸ்களையும் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பம்ப்பை ஏற்றினார்கள். பிறகு அவர்கள் வந்த கலத்தில் கோளாறு ஏற்பட்டு, எட்டு நாள் என்பது 286 நாளாக நீண்டுபோனது. ஆரம்பத்தில் நிலையத்தில் கையிருப்பில் இருந்த உடைகளைப் போட்டுத்தான் சமாளித்தார்கள். அந்த நாட்களில் சுனிதா நிலையத்தின் கமாண்டராகவும் இருந்தார். அங்கே சனிக்கிழமை வந்தால் எல்லாரும் சேர்ந்து சுத்தம் செய்ய வேண்டும். கமாண்டர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தூசி உறிஞ்சும் கருவியும் துடைக்கும் துணியுமாகக் களத்தில் இறங்கிவிடுவார்கள்.

இப்போது ஆம்ஸ்ட்ராங்கிடம் வருவோம். 1969 ஜூலை. நிலவில் இறங்கியவர்கள் அப்போலோ-11 கலத்தில் பூமிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பசிபிக் பெருங்கடலில் குவாம் என்ற தீவு. கலத்தோடு பேசுவதற்காக அங்கே நாசாவின் பெரிய கிண்ண ஆன்டெனா ஒன்று இருந்தது. கடைசி நேரத்தில் அதைச் சுழல வைக்கும் பேரிங் பழுதாகிவிட்டது! கழற்றி மாற்ற நேரம் இல்லை. கிரீஸ் வைத்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஆனால், உள்ளே கையை விட இரண்டரை அங்குல ஓட்டைதான் இருந்தது. பெரியவர்கள் யார் கையும் நுழையவில்லை.

நிலையத்தின் இயக்குநர் வீட்டுக்கு ஆள் அனுப்பித் தன் மகன் கிரெக்கை வரவழைத்தார். அவனுக்கு 10 வயது. கையை விட்டுக் கிரீஸை அள்ளி அள்ளிப் பேரிங்கைச் சுற்றி அப்பினான். ஆன்டெனா வேலை செய்தது! பிறகு ஆம்ஸ்ட்ராங், அப்போலோ-11க்கு உதவியதற்காகக் கிரெக்குக்கு நன்றி சொல்லித் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

நான் சொல்லி முடித்ததும், தூணில் சாய்ந்து நின்றவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். இரண்டரை அங்குலத்தில் நுழையுமா என்று கணக்குப் போட்டான் போலிருக்கிறது.

எல்லாக் கதையும் இப்படிச் சந்தோஷமாக முடிவதில்லை. 1981-ல் கொலம்பியா விண்கலம் முதன்முறை பறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 19 அன்று தரையில் ஒரு சோதனை நடந்தது. கலத்தின் பின்பகுதியில் நைட்ரஜன் வாயு நிரம்பியிருந்தது. அது தெரியாமல் உள்ளே போன பணியாளர்கள் மூச்சு முட்டி விழுந்தார்கள். ஜான் பியோர்ன்ஸ்டாட், ஃபாரஸ்ட் கோல் என்ற இருவர் இறந்துபோனார்கள். அடுத்த மாதம் கொலம்பியாவில் பறந்த ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் விண்வெளியில் இருந்தபடியே அந்த இருவரையும் நினைத்து அஞ்சலி செலுத்தினார்கள். உலகமே தங்களைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்த நேரத்தில்!

மாட்டு வண்டியும் நாமக்கல் மண்ணும்

அதே 1981-ல் நம் நாட்டின் 'ஆப்பிள்' செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. அதன் திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம், நம் தமிழ்நாட்டுக்காரர். அதன் ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் இரும்பு இருந்தால் அலைகள் குழம்பிப்போகும். அதனால் செயற்கைக்கோளை மர மாட்டு வண்டியில் ஏற்றி, திறந்தவெளியில் நிறுத்திச் சோதித்தார்கள். அந்தப் படம் உலகப் பிரசித்தம்! படத்துக்குக் கீழே ஆப்பிளின் பெயர் இருக்கும். வண்டிக்காரர் பெயர் இருக்காது.

2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கத்தில் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பே, நிலவில் இருப்பது போன்ற மண்ணில் லேண்டரையும் ரோவரையும் பழக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த மண்ணுக்கான பாறை கிடைத்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில்! டன் கணக்கில் உடைத்து, அரைத்து, சலித்து அனுப்பினார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அவருடைய அப்பா ரயில்வேயில் டெக்னீசியனாக இருந்தவர்.

"டெக்னீசியன்னா?" என்று கேட்டான் நம் மெக்கானிக்.

"உங்க அப்பா மாதிரிதான்டா" என்றேன்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு விண்கலம் இல்லாவிட்டாலும் ஒரு கேப்டன் உண்டு. பென்னிகுவிக்! முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். இந்தப் பக்கம் பல வீடுகளில், கடைகளில் அவர் படத்தைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கே அவர் பெயரை வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். இத்தனை மரியாதைக்கும் தகுதியானவர்தான். ஆனால், 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த அந்த வேலையில் அவரோடு ஒரு பட்டாளமே இருந்தது. பயனியர் படை வீரர்கள், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்கள், சுண்ணாம்பும் செங்கல் பொடியும் குழைத்த கூலியாட்கள், பாரம் இழுத்த வண்டிக்காரர்கள். கட்டிய தற்காலிகத் தடுப்புகளைக் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினார்கள். மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அணைக்குப் பக்கத்தில், காட்டுக்குள் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. இப்பள்ளத்தாக்கின் வயல்களில் பாயும் தண்ணீரில் அவர்கள் உழைப்பும் சேர்ந்தே வருகிறது.

நான் இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் காபிக்கு அழைப்பு வந்துவிட்டது. குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், பந்தலுக்குக் கீழே அமைதி. ஐந்து கேப்டன்களும் பெட்டிகளின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நம் ஆள் ஒரு பழைய ஸ்பேனரோடு படுத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்றான் ஒரு கேப்டன்.

"நாலு மணி நேரம் ஆகும்" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு விரலைக் காட்டினான்.