பூ முந்தினால் திருவிழா என்னாகும்?

மார்ச் மாத நடுவில், இந்தியாவின் உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் அதிகாலையிலேயே கூடையுடன் கிளம்பிவிடுவார்கள். பறித்து வந்த பூக்களை ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் தூவி, அந்த வீடு செழிக்க வேண்டுமென்று பாடுவார்கள். வீட்டார் அரிசியும் வெல்லமும் சில்லறைக் காசும் தருவார்கள். இதுதான் 'பூல் தேயி' திருவிழா. 'பூல்' என்றால் பூ; 'தேயி' என்றால் வாசற்படி.

விழா சைத்ர மாதத்தின் முதல் நாளில் வருகிறது. சூரியன் மீன ராசியில் நுழையும் நாள் அது. நம் பங்குனி மாதப் பிறப்புக்கும் அதே கணக்குதான். ஆகவே தேதி அவ்வளவாக நகராது. ஆனால், பூக்கள் நாட்காட்டி பார்த்துப் பூப்பதில்லையே!

கூடையில் உள்ள மஞ்சள் பூ பியோன்லி. சிவப்புப் பூ புராஞ்ச், அதாவது ரோடோடென்ட்ரான். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று அழைக்கப்படுவதும் இதே இனத்தின் ஒரு வகைதான். புராஞ்ச் மரத்தின் மொட்டுகள் முந்தைய ஆண்டே உருவாகி, குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும். குளிர் விலகியபின், உண்டியலில் காசு சேர்வதுபோல நாளுக்கு நாள் வெப்பம் சேரும். போதிய அளவு சேர்ந்ததும் மொட்டு விரியும். மலையில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும் அல்லவா? அதனால்தான் தாழ்வான சரிவுகளில் முதலில் பூத்து, சிவப்பு நிறம் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது.

குளிர்காலம் சூடாகிவிட்டால் உண்டியல் சீக்கிரமே நிரம்பிவிடும். சரி, நூறு ஆண்டுகளுக்கு முன் பூ எப்போது பூத்தது என்று யாரைக் கேட்பது? உலர்ந்த செடிகளைத்தான்! தாவரவியலாளர்கள் பூங்கொத்துகளை அழுத்தி உலர்த்தி, இடத்தையும் தேதியையும் எழுதித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கிறார்கள். அத்தகைய தாள்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு, மத்திய இமயமலையில் புராஞ்ச் பூக்கும் காலம் நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று மாதம் முந்திவிட்டதாகக் கணக்கிட்டது. தாளில் இருப்பது பூவைப் பறித்த தேதிதான்; முதல் பூ மலர்ந்த தேதி அல்ல. எனவே இந்த எண்ணை மதிப்பீடாகவே கொள்ளுங்கள். ஆயினும் முந்துகிறது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

ஜனவரியிலேயே மலர்ந்த பூவின்மேல் உறைபனி விழலாம். தேன் குடித்து மகரந்தம் சுமக்கும் பறவைகளும் பூச்சிகளும் அப்போது அந்தச் சரிவுக்கு வந்திராமல் இருக்கலாம். அவை வராவிட்டால் விதைகள் குறையும். மார்ச்சில் கூடையோடு வரும் பிள்ளைகளோ, கீழ்ச் சரிவில் உதிர்ந்த இதழ்களைத் தாண்டி இன்னும் மேலே ஏற வேண்டியிருக்கும்.