தம் வாசிப்பைத் தாமே கேட்க முடியுமா?

அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் 1959இல் புகழின் உச்சியில் இருந்தார். ஆயினும் தம் வாசிப்பில் நிறைவு காணாமல் மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் 1961 வரை தனியே பயின்றார்.

தம் குறையைத் தாமே அறிவது எளிதன்று. வாசிப்பவரின் மேற்பற்கள் கருவியின் ஊதுமுனையில் பதிந்திருக்கும். அதன் அதிர்வு பல், எலும்பு வழியாகவும் அவரது உட்செவியை அடைகிறது. எதிரே இருப்பவருக்கோ காற்றில் வரும் ஒலி மட்டுமே கேட்கும். காதுகளைப் பொத்திக்கொண்டு பற்களைத் தட்டிப் பாருங்கள். இந்த எலும்புவழி ஒலி புரியும்.

மேலும், வாசிக்கும்போது கவனம் விரலிலும் மூச்சிலும் இருப்பதால் பிழைகள் செவிக்குத் தப்பும். ஆகவே, வாசித்ததை ஒலிப்பதிவு செய்து, மறுநாள் பிறர் வாசிப்பைப்போல் கேளுங்கள். சுருதி விலகிய இடங்களையும் தாளம் விரைந்த இடங்களையும் குறித்து, ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். முதலில் கூச்சமாக இருக்கும், கேட்பதை நிறுத்தாதீர்கள்.