கூடிய சம்பளம் யார் கைக்குப் போகிறது?

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாயாக உயர்த்தவும், அதற்கு மேல் அரசு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழிந்தது. மடுல்சீமைத் தோட்டமொன்றில் மாதம் 20 நாள் முழுப்பேர் (முழுநாள் வேலை) போடும் ஒருவருக்கு நாட்சம்பள உயர்வு மட்டும் 4,000 ரூபாய். அவரே 80,000 ரூபாயை நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டியும் அதே 4,000 ரூபாய். பல வருடம் கொடி பிடித்துப் பெற்ற உயர்வு, அசலில் ஒரு சதம்கூடக் குறையாமல் வட்டிக்காரரிடம் போய்ச் சேரும். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமியுங்கள், பங்குச் சந்தையைக் கவனியுங்கள் என்று கொழும்பில் சொல்லப்படும் ஆலோசனையை மலைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. தோட்டக் குடும்பத்துக்கு முதல் சேமிப்பு வட்டிக் கடனை அடைப்பது. அடுத்தது, ஏற்கெனவே தன் பெயரில் சேர்ந்துவரும் பணத்தைக் கோட்டைவிடாமல் இருப்பது.

மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது. 2022இன் நெருக்கடியில் திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தை எட்டியபோது பணம் வைத்திருந்தவர்கள் அதைப் பெரும் யோகமாகக் கொண்டாடினார்கள். ஐந்து வட்டிக் கடனை அடைக்கிறவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு மிச்சம், அதுவும் எந்த ஆபத்தும் இல்லாமல். குழுக்கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களின் கணக்கு இன்னும் சாமர்த்தியமானது. 50,000 ரூபாய்க்கு வருடத்துக்கு 24 சதவீதம் என்பார்கள். ஆனால் 12,000 ரூபாய் வட்டியை முழுத் தொகைக்கும் முதலிலேயே சேர்த்து, பன்னிரண்டு மாதத் தவணையாகப் பிரித்து வாங்குவார்கள். மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டி குறையாது என்பதால் உண்மையான வட்டி 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். இந்த நிலையில் பெட்டிக்குள் நகையை வைத்துக்கொண்டு வெளியே ஐந்து வட்டி கட்டுவதில் நியாயமில்லை. நகை பெண்ணின் பாதுகாப்பு, மகளின் கல்யாணத்துக்கு வைத்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் பசறையிலோ பதுளையிலோ அரச வங்கியில் அதை அடகு வைத்துக் கந்துவட்டியை முடித்தால், வட்டிச் சுமை பெருமளவு இறங்கும். தவணை தவறாவிட்டால் நகையும் திரும்பி வரும். கட்டிய கந்துவட்டி ஒருநாளும் திரும்பாது.

சம்பளமே போதாதவனுக்குச் சிக்கனம் போதிப்பது அவமானம் என்ற எதிர்ப்பு உண்டு. அதில் பெரும்பகுதி சரி. 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். 2021இல் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய்ச் சம்பளம், ரூபாயின் பெறுமதி சரிந்து விலைவாசி தலைக்கு மேல் போன பிறகும் 2024 வரை அசையவில்லை. அந்த மூன்று வருடக் கடனுக்குக் குடும்பத்தின் ஊதாரித்தனத்தைக் காரணம் காட்டுவது பொய். சம்பளப் போராட்டத்தை யாரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் கடன் அப்படியே நின்றால் அடுத்த உயர்வும் அதே வழியில் போகும் என்பதையும் மறுக்க முடியாது. தொழிலாளியின் கடனை எழுதிக் கையில் கொடுத்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் அனுப்பிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. அந்தத் துண்டு இன்று வட்டிக்காரரின் கொப்பியில் இருக்கிறது.

இனி, கையில் வராத பணம். முழுப்பேருக்கு 1,350 ரூபாய் என்ற கணக்கிலேயே பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடிக்கிறார்கள். தோட்டம் தன் பங்காக 12 சதவீதம், அதாவது 162 ரூபாய் போடுகிறது. நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம், 40 ரூபாய் 50 சதம். ஆகவே ஒரு பேரின் உண்மைப் பெறுமதி 1,552 ரூபாய்க்கு மேல். சேவைக்காலப் பணம் இதில் சேரவில்லை. ஐந்து வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அதைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்கிடுவார்கள் என்பதுதான் முக்கியம். 25 வருடச் சேவைக்கு 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் 4,72,500 ரூபாய். சம்பளம் 1,550 ஆனால் பழைய வருடங்களுக்கும் சேர்த்து 5,42,500 ரூபாய். கைக்காசு வேலையோ, மலையைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்துக்கு மட்டும் விலை தரும் முறையோ வரும்போது 1,350 ரூபாயோடு ஒப்பிட்டுத் தலையாட்டுவது ஆபத்து. தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலிலிருந்து பெயர் விடுபட்டால் இவை எல்லாம் அந்தப் பெயரோடு போகும்.

சேமலாப நிதியே கரைந்துவிட்டதே, அதை எப்படி நம்புவது என்பது இரண்டாவது எதிர்ப்பு. கரைந்தது மெய். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்த வருடம் நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் ரூபாய்ப் பிணைமுறிகளைத் தொடாமல் உழைப்பாளிகளின் ஓய்வுகாலப் பணத்தின் மேல் சுமையை வைத்தார்கள். அது அநீதி என்பதே என் தீர்ப்பு. அதற்காக நிதியை வெறுத்து ஒதுக்கினால் நட்டம் நமக்குத்தான்: 2023க்கு 13 சதவீதமும் 2024க்கு 11 சதவீதமும் வட்டி கிடைத்தன, பணவீக்கமோ 2024இன் கடைசி மாதங்களில் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியது. வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 சதவீதத்தை முன்கூட்டி எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2025 நவம்பர் டிட்வா புயலில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு, வீட்டைத் திருத்த அதை எடுக்கிறவரை யாரும் குறைசொல்ல முடியாது. வீட்டின் பேரில் எடுத்துச் சடங்கு வைப்பது வேறு விஷயம்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோலில் மூன்றாவது என்று இருப்பதால் ஓய்வுபெற்ற பின் பணத்துக்கு அலைகிறவர்கள் ஏராளம். வேலையில் இருக்கும்போதே அதைத் திருத்துங்கள். பின்னுரித்தாளியாக யாரைப் பதிந்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்த தொகை மத்திய வங்கியின் கணக்குக் கூற்றில் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஏறாவிட்டால் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பதுளை தொழில் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள்.