ஏழு சுவிட்சுகளுக்குமேல் தாங்காத மரம்

2002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் கணினிக் கட்டமைப்பு தள்ளாடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு நாள்களுக்கு மருந்துச் சீட்டுகளும் பரிசோதனை முடிவுகளும் காகிதத்தில் எழுதப்பட்டு, ஊழியர்களின் கைகளில் பயணம் செய்தன. கிருமி நிரலோ ஊடுருவலோ இதற்குக் காரணமல்ல. ஓர் எல்லையைத் தாண்டிக் கட்டமைப்பு வளர்ந்திருந்ததுதான் காரணம்.

அது என்ன எல்லை?

அலுவலகக் கணினிகளை இணைக்கும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். ஒரு கம்பி அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக, சுவிட்சுகளுக்கு இடையே மாற்றுப் பாதைகளும் போடப்படும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பாதைகள் வட்டமாகிவிட்டால், எல்லாருக்கும் அனுப்பப்படும் ஒரு தகவல் அந்த வட்டத்தில் முடிவின்றிச் சுற்றும். ஈதர்நெட் தகவலுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் அது நகலெடுக்கப்படும். சில நொடிகளில் கட்டமைப்பு திணறிவிடும்.

இதற்குத் தீர்வாக, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கியதே ‘ஸ்பேனிங் ட்ரீ’ நெறிமுறை. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றை ‘வேர்’ எனத் தேர்ந்தெடுக்கும். அதிலிருந்து மரம்போலக் கிளைகள் பிரியும். வட்டத்தை உண்டாக்கும் பாதைகள் அடைக்கப்பட்டு, தேவை வரும்போது மட்டும் திறக்கப்படும்.

வேர், 2 நொடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்ற செய்தியை அனுப்பும். ஒவ்வொரு சுவிட்சைக் கடக்கும்போதும் அச்செய்திக்கு வயது கூடும். வழக்கமான அமைப்பில் 20 நொடி வயதானால் அது செல்லாது. வழியில் செய்திகள் தொலையலாம், தாமதமாகலாம் என்பதையும் கணக்கில் கொண்டு, எந்த இரு கணினிகளுக்கும் இடையில் ஏழு சுவிட்சுகளுக்குமேல் இருக்கக்கூடாது எனப் பரிந்துரைக்கப்பட்டது. அதைத் தாண்டினால், விளிம்பில் இருக்கும் சுவிட்சுக்குச் செய்தி ஒழுங்காக வந்து சேராமல் போகலாம். வேர் இறந்துவிட்டதாக எண்ணி, அடைத்திருந்த பாதையை அது திறந்துவிடும். வட்டம் உருவாகிவிடும். பாஸ்டன் மருத்துவமனையின் கட்டமைப்பு சிறிது சிறிதாக ஒட்டுப்போட்டு வளர்ந்து, இந்த ஏழைத் தாண்டியிருந்தது.

எத்தனை மரங்கள்?

இன்னோர் எல்லையும் உண்டு. ஒரே சுவிட்சைக் கணக்குப் பிரிவு, மாணவர் பிரிவு, தொலைபேசி எனப் பல மெய்நிகர் கட்டமைப்புகளாகப் பிரிக்கலாம். விதிப்படி 4,094 வரை எண்கள் உள்ளன. சில சுவிட்சுகள் ஒவ்வொரு மெய்நிகர் கட்டமைப்புக்கும் தனி மரம் வளர்க்கின்றன. 100 மரங்கள், அனைத்தையும் சுமக்கும் 24 வாயில்கள் என்றால், 2 நொடிக்கு 2,400 செய்திகள். அவற்றைக் கையாள்வது சுவிட்சில் உள்ள சிறிய செயலி.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் உச்சவரம்பு வைக்கிறார்கள். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3560 வகையில் அது 128. அதற்குமேல் ஒரு மெய்நிகர் கட்டமைப்பைச் சேர்த்தால் அதுவும் வேலை செய்யும். ஆனால் அந்த சுவிட்சில் அதற்கு மரம் இருக்காது. வட்டம் உருவானால் தடுக்க ஆளில்லை. எல்லாம் நன்றாக நடப்பதுபோல் தோன்றுவதே இதிலுள்ள ஆபத்து.

தீர்வுகள் உள்ளன. மரத்தை மாற்றியமைக்கப் பழைய நெறிமுறை 30 முதல் 50 நொடி எடுத்துக்கொள்ளும். 2001இல் வந்த விரைவு வடிவம் பெரும்பாலும் சில நொடிகளில் முடித்துவிடும். பல மெய்நிகர் கட்டமைப்புகளை ஒரே மரத்தில் சேர்க்கும் வடிவமும் உண்டு; அதில் 500 கட்டமைப்புகளைக்கூட இரண்டே மரங்களில் அடக்கலாம். பெரிய வளாகங்களில் இடையிடையே ரௌட்டர்களை வைத்துப் பிரிப்பது இன்னும் பாதுகாப்பானது. ரௌட்டர் வழிச் செல்லும் தகவலுக்கு ஆயுள் வரம்பு உண்டு; சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒரு கட்டத்தில் மடிந்துவிடும்.

அலுவலகத்திலோ பள்ளியிலோ புதிய சுவிட்ச் ஒன்றைச் செருகும் முன் இரண்டு கேள்விகள் போதும்: வரிசையில் இது எத்தனையாவது? இந்தப் பெட்டி எத்தனை மரங்களைத் தாங்கும்? பாஸ்டனில் முதல் கேள்வி உரிய நேரத்தில் கேட்கப்பட்டிருந்தால், அந்த நான்கு நாள்கள் காகிதத்தில் கழிந்திருக்காது.